தீயலே

கிட்ட வாங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இந்தக் கதையை உரக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி தப்பித்த கதை இது. அந்தச் சொல்லே பிறகு அவளைப் பிடித்துக்கொண்ட கதையும்தான். கேட்கும்போது உங்களில் யாருக்காவது நெஞ்சு உறுத்தினால் என்மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சித்தூரிலிருந்து வேலூர் போகிற சாலையில் ஒரு ஜூஸ் பேக்டரி. பெயர்தான் ஜூஸ், அங்கே செய்வது மாம்பழக் கூழ். மே மாதக் கடைசியில் டிராக்டர் டிராக்டராகத் தோத்தாபுரி மாங்காய் வந்து இறங்க ஆரம்பித்தால், சீசன் முடிகிற வரைக்கும் அந்தச் சாலையில் புளித்த மாம்பழ வாசனைதான். ஓடுகிற பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று அழுகலைப் பொறுக்குவார்கள், காம்பைச் சீவுவார்கள். அதில் ஒருத்தி பாப்பாத்தி. எல்லையோரத்துக் கிராமத்துக்காரி. தமிழில் ஐந்தாம் வகுப்பு படித்தவள். தெலுங்கு பேசுவாள், எழுத்து தெரியாது. புருஷன் ஏழுமலை லோடு ஏற்றுகிறவன். ஒரே மகள் ஹரிப்ரியாவுக்கு எட்டு வயது.

பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள் தபிதா. சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். பாப்பாத்தியைவிடப் பத்து வயது மூத்தவள். பாப்பாத்தி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மாங்காய்க் காம்பின் பால் பட்டுக் கையெல்லாம் வெந்துபோனபோது, தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து தடவிவிட்டவள் அவள்தான்.

பேக்டரிக்குள் போகுமுன் தாலியைத் தவிர எல்லா நகையையும் கழற்றிவிட வேண்டும். ஒரு கல் கூழில் விழுந்தால் டிரம் டிரம்மாகக் கொட்ட வேண்டியதுதான். உடை மாற்றும் அறையில் அவரவர் நகையைக் கைக்குட்டையில் முடிந்து, பைக்குள் போட்டு, ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அந்த அறைச் சுவரில் தெலுங்கில் சிவப்பாக ஒரு போர்டு இருந்தது.

"அதுல இன்னாக்கா போட்டுக்குது?" என்று பாப்பாத்தி ஒருநாள் கேட்டாள்.

"திருடுனா வேலை போவும், போலீஸ் வரும், ஜெயில்னு போட்டுக்குது" என்றாள் தபிதா. "நமக்கு இன்னா அது? நாம இன்னா திருடவா வந்தோம்?"

இருவரும் சிரித்தார்கள்.

ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. சாப்பாட்டு நேரம் முடிந்து பாப்பாத்தி கடைசியாகக் கிளம்பினாள். பெஞ்சுக்கு அடியில், செருப்புகளுக்கு நடுவே, ஒரு கைக்குட்டை முடிச்சு கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். சிவப்புக்கல் கம்மல் ஒரு ஜோடி. சூப்பர்வைசர் பத்மினியுடையது. லைனில் எல்லோருக்கும் தெரிந்த கம்மல் அது.

பெல் அடித்துவிட்டது. முடிச்சைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். சாயங்காலம் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அது உண்மை. ஒரே ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். அதுவும் உண்மை. ரொம்ப நாளாக அவள் காது ஓட்டையில் ஈர்க்குச்சிதான் இருந்தது.

வேலை முடிந்ததும் பாத்ரூமுக்குப் போனாள். அங்கே ரசம் போன கண்ணாடி ஒன்று உண்டு. குச்சியை எடுத்துவிட்டுக் கம்மலைப் போட்டாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் அவளுக்குப் போர்டு ஞாபகம் இல்லை, போலீஸ் ஞாபகம் இல்லை, சாமி ஞாபகமும் இல்லை. கண்ணாடிக்குள் யாரோ ஒரு நல்ல வீட்டுப் பெண் இருந்தாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது.

"எவ எடுத்தா? நிஜம் சொல்லுங்க! எடுத்தவ கைய முறிச்சி அடுப்புல வெப்பேன்!" பத்மினியின் குரல்.

பாப்பாத்தி கம்மலைக் கழற்றி முடிந்துகொண்டு வெளியே வந்தாள். கை சுருக்குப் பைக்குள்தான் இருந்தது. 'கீழ கெடந்துச்சு மேடம்' என்று சொல்ல வாய்கூடத் திறந்துவிட்டாள். அதற்குள் மேனேஜர் வெங்கடரமணன் படியிறங்கி வந்தார்.

"ஒருத்தரும் வெளிய போகக்கூடாது. கேட்டுல எல்லார் பையும் செக் பண்ணு. கெடைக்கலன்னா போலீஸ். கைரேகை எடுத்தா தெரிஞ்சிடும், மூணு வருஷம் உள்ள. குடும்பமே நாறிப்போவும்!"

கைரேகை என்றதும் பாப்பாத்தியின் கை வெறுமனே வெளியே வந்தது. 'இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்டால்? காதில் போட்டுப் பார்த்தேன் என்றா சொல்வது?' திரும்பப் பாத்ரூமுக்குள் போனாள். கொண்டையை அவிழ்த்து, கம்மலை உள்ளே வைத்து, இறுக்கி முடிந்தாள். கேட்டில் சுருக்குப் பையை உதறிப் பார்த்தார்கள். கொண்டையை யாரும் பார்க்கவில்லை. அதுவரைக்கும் அவள் திருடி இல்லை என்றுகூட ஒருவேளை சொல்லலாம், கண்ணுங்களா. கேட்டைத் தாண்டி வெளியே வந்தவள் திருடிதான்.

மறுநாள் காலை சென்னம்மா பேச்செடுத்தாள். லைனிலேயே வயதில் மூத்தவள் அவள்.

"சார், எங்க ஊர்ல இப்டி காணாமப் போனா சாணி வெப்பாங்க. ஆளுக்கு ஒரு சாணி உருண்ட புடிச்சி தனியா போயி ஒரு கூடைல போட்டுட்டு வரணும். எடுத்தவ உள்ள வெச்சி போட்டுடுவா. அப்பறம் எல்லாத்தையும் தண்ணில கரைச்சா பொருள் கெடைச்சிடும். யார் உருண்டன்னு சாமிக்கும் தெரியாது."

பாப்பாத்தி 'வையுங்க, வையுங்க' என்று மனசுக்குள் கத்தினாள்.

வெங்கடரமணன் சிரித்துவிட்டார். "திங்கற பொருள் செய்யற எடத்துல சாணியா? செக்கிங் வந்தா லைசென்சே போயிடும்மா. எடுத்தவளுக்குப் பயம் வரணும், நீ இன்னாடான்னா வழி காட்டற!"

"அதான்" என்றாள் பத்மினி. "காணிப்பாக்கம் போலாம். பிள்ளையார் முன்னாடி ப்ரமாணம் பண்ணட்டும். பொய் சொன்னவளுக்குத் தொண்ணூறு நாள்ல தெரியும், அவளுக்கோ அவ புள்ளைக்கோ."

காணிப்பாக்கம் சித்தூருக்குப் பக்கம். கிணற்றிலிருந்து எழுந்த பிள்ளையார். அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்று இரண்டு பாஷைக்காரர்களும் நம்புகிற கோயில். ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துப் பதினான்கு பெண்கள் போனார்கள். குளத்தில் முழுகி, ஈரச் சேலையோடு வரிசையில் நின்றார்கள். பாப்பாத்தி ஆறாவது ஆள். சாமி முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் வரிசை நகர நகர மூன்று வருஷம், குடும்பமே நாறும், கையை முறிப்பேன் என்று ஒவ்வொன்றாகக் காதுக்குள் கேட்டது. பொய் சொன்னாலோ ஹரிப்ரியா. எந்தப் பக்கமும் காலை வைக்க இடமில்லை.

பத்மினி எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைத் தெலுங்கில் சொல்லிக்கொடுத்தாள். "சாமி, பத்மினி கம்மலு நேனு தீயலேது." நான் எடுக்கவில்லை என்று அர்த்தம். முன்னால் நின்றவள் ஒவ்வொருத்தியும் அதைச் சொல்லச் சொல்ல, பாப்பாத்தியின் தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. தீயலே. சோறு தீயலே. பால் தீயலே. நான் தீயலே.

முறை வந்தது. 'நான் தீயலே சாமி, தீஞ்சி போவல, முழுசாத்தான் நிக்கிறேன்' என்று மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே, வாயால் "நேனு தீயலேது" என்றாள். கற்பூரத்தின்மேல் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"சரி, போ" என்றாள் பத்மினி.

தபிதா குளத்துப் படியில் எல்லோருடைய செருப்புக்கும் பைக்கும் காவலாக உட்கார்ந்திருந்தாள். சத்தியம் செய்ய அவள் உள்ளே வரவில்லை.

"உனக்கு இந்த சாமி வேணாம்னா போவட்டும்" என்று பத்மினி அவள் எதிரில் போய் நின்றாள். "உங்க பைபிள் மேல கை வெச்சி சொல்லு."

"அதுலதான் மேடம் சத்தியம் பண்ணாதன்னு போட்டுக்குது. எங்க நைனா சாவற வரைக்கும் கோர்ட்டு படி ஏறுனதில்ல, அங்க சத்தியம் பண்ணச் சொல்லுவாங்களேன்னு. எடுக்கலன்னா எடுக்கல. அதுக்கு மேல ஒரு வார்த்தை எங்கிட்ட இல்ல."

"பயந்துட்டா பாரு" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். "எடுக்காதவளுக்கு இன்னா பயம்?"

பாப்பாத்தி ஈரத்தலையோடு அங்கேதான் நின்றாள். தபிதா அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். 'நீயாவது என்னை நம்புவாய்' என்கிற மாதிரி. பாப்பாத்தி குனிந்து செருப்பைத் தேடினாள்.

திங்கட்கிழமை தபிதாவிடம், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திருடி என்று யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

பெல்ட்டுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. இரண்டு நாளில் புதிதாக ஒருத்தி வந்து நின்றாள். கம்மல் பாப்பாத்தி வீட்டு மிளகாய் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. விற்கவும் பயம், போடவும் பயம், எறியவும் பயம். அவள் சமையல் கெட்டது. உலையை வைத்துவிட்டு, சத்தியம் செய்து ஆன நாட்களை எண்ணுவாள், இன்றோடு பன்னிரண்டு, இன்றோடு பத்தொன்பது என்று. அதற்குள் அடி பிடித்துவிடும்.

"இன்னா மே, இன்னைக்கும் சோறு தீஞ்சிதா?" என்பான் ஏழுமலை. "மனுசன் துன்ன முடியல."

தீயலே என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. அந்தச் சொல்தான் அவள் தொண்டையைவிட்டு வெளியே வரவில்லை. பிள்ளையாருக்கு இரண்டு பாஷையும் தெரியுமே என்பது அவளுக்கு வேனில் திரும்பி வரும்போதே தோன்றிவிட்டது.

முப்பத்தெட்டாம் நாள் ஹரிப்ரியாவுக்கு ஜுரம். சாதாரண ஜுரம்தான், பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்த ஜுரம். பாப்பாத்தி குழந்தையின் கால்மாட்டில் உட்கார்ந்து அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. நாலாம் நாள் அவள், "திருப்பதிக்கு வேண்டிக்கினேன், போயிட்டு வந்துடறேன்" என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். கொண்டைக்குள் கம்மல் இருந்தது. மலைமேல் உண்டியலில் போட்டுவிட்டால் முடிந்தது. ஏழுமலையான் வாங்கிக்கொண்ட பொருளைக் காணிப்பாக்கத்தார் எப்படிக் கேட்பார்? இப்படி ஒரு கணக்கு.

சந்திரகிரி தாண்டும்வரை அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மலையடிவாரத்து அலிபிரியில் இறங்கியதும் பயணிகளின் பையை மெஷினில் விட்டு எடுத்தார்கள், ஆளையும் தடவிப் பார்த்தார்கள். வரிசையில் முன்னால் இருந்த பெண்ணிடம், கொண்டையில் என்ன என்று காவல்காரி விளையாட்டாகக் கேட்டாள். பூதான். பாப்பாத்தி வரிசையை விட்டு விலகி நடந்தாள்.

தபிதா அந்தப் பக்கத்தில்தான் ஒரு லாட்ஜில் இருக்கிறாள் என்று அவள் புருஷன் கிளாட்வின் சித்தூர் மார்க்கெட்டில் சொல்லியிருந்தான். தன் அக்கா ஞானசௌந்தரி வீட்டில் தங்கிக்கொண்டு, பக்தர்கள் படுத்தெழுந்த துப்பட்டிகளை அலசிப் போடுகிற வேலை. கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தாள். மொட்டைமாடி முழுக்க வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு துணிகளுக்கு நடுவிலிருந்து தபிதா எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, பாப்பாத்தியா! இன்னா மே இப்டி எளைச்சிட்ட?" ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் பிளீச்சிங் தண்ணீரில் வெந்து தோல் உரிந்திருந்தன. "இத்தினி நாள்ல என்னத் தேடிக்கினு வந்தது நீ ஒருத்திதான். ஒக்காரு. துன்னியா? தயிர் சோறு கீது, ரெண்டு பேருக்கு வரும்."

டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்து நீட்டினாள். பாப்பாத்தி ஒரு வாய் எடுத்தாள். எச்சில் கையை அப்படியே வைத்துவிட்டு, மறுகையால் கொண்டையை அவிழ்த்தாள். கைக்குட்டை முடிச்சு சோற்று மூடிக்குப் பக்கத்தில் விழுந்தது.

தபிதா அதை அவிழ்க்கவில்லை. கைக்குட்டையே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீ சத்தியம் பண்ணியே."

பாப்பாத்தி சொன்னாள். கண்ணாடியையும் அந்த இரண்டு நிமிஷத்தையும், ஹரிப்ரியாவின் ஜுரத்தையும் சொன்னாள். தீயலே என்று தமிழில் நினைத்துக்கொண்டதையும் சொன்னாள்.

தபிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அடிப்பாவி! பிள்ளையாரையே பாஷ தெரியாதவரு ஆக்கிட்டியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று பாப்பாத்திக்குத் தெரியவில்லை.

"கிளாட்வின் என் துணிப் பொட்டியக் கலைச்சிப் பார்த்தாரு. பத்தொம்பது வருஷம் குடும்பம் பண்ண மனுசன். எதுவும் கேக்கல. நான் குளிக்கப் போனப்ப கலைச்சிப் பார்த்துட்டு, மடிச்ச மாதிரியே மடிச்சி வெச்சாரு. நான் மடிக்கற மாதிரி இல்ல அது."

"அக்கா..."

"ஒண்ணு கேக்கறேன், நிஜம் சொல்லு. எனக்காக வந்தியா, புள்ளைக்கு ஜுரம் வந்த பயத்துல வந்தியா?"

பாப்பாத்தி பொய் சொல்ல நினைத்தாள். அந்த உரிந்த விரல்களைப் பார்த்தாள்.

"பயத்துலதான்க்கா. உண்டியல்ல போட வந்தேன். அங்க போறதுக்கும் பயமாயிடுச்சி. அப்பறம் கால் இங்க வந்துடுச்சி. அது ஏன்னு எனக்குத் தெரியல."

"உண்டியல்ல போட்டா கம்மல் சாமிக்குப் போவும். என் பேரு எனக்கு வருமா?" தபிதா எழுந்தாள். ஈரத்துணி ஒன்றை உதறிக் கொடியில் போட்டாள். "எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க கிட்ட போயி சொல்லு. ஜெயில்ல போடுவாங்கன்னா போடட்டும். போ. சோத்த துன்னுட்டுப் போ."

பாப்பாத்தி அந்தச் சோற்றைத் தின்று முடித்தாள். அதைவிடக் கஷ்டமான ஒன்றை அதற்குமுன் அவள் செய்ததில்லை.

மறுநாள் காலை ஷிப்டு தொடங்குமுன், உடை மாற்றும் அறையில், அந்தச் சிவப்புப் போர்டுக்குக் கீழே நின்று பாப்பாத்தி கம்மலை நீட்டினாள். "நேனே தீசினா" என்றாள். பிறகு தமிழிலும் சொன்னாள், "நாந்தான் எடுத்தேன். தபிதாக்கா எடுக்கல." இந்தத் தடவை இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம்தான் இருந்தது.

பத்மினி கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கிக் கம்மலைத்தான் எடுத்தது. திருகு இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தாள்.

வெங்கடரமணன் போனை எடுத்தார். "போலீசுக்கு சொல்லிடறேன்."

"வேணாம் சார்" என்றாள் பத்மினி. "போலீஸ் போனா கம்மலும் கோர்ட்டுக்குப் போவும். ரெண்டு வருஷம் அங்க கெடக்கும். எனக்கு ஆடிக் கிருத்திகைக்கு வேணும்." பிறகு பாப்பாத்தியைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "அன்னைக்கே குடுத்திருந்தா நான் இன்னா பண்ணிருப்பேன்? திட்டிருப்பேன், அவ்ளோதான?"

"கைய முறிப்பேன்னீங்க மேடம்."

"கோவத்துல சொல்றதுதான் அது!"

"அது எனக்கு எப்டித் தெரியும்?"

சென்னம்மா தலைத்துணியைக் கட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள். "சாணி வெச்சிருந்தா போட்டிருப்பியா?"

"அன்னைக்கே போட்டிருப்பேங்க்கா. பெரிய உருண்டையா புடிச்சிருப்பேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பத்மினி சிரிக்கவில்லை.

பாப்பாத்திக்கு வேலை போயிற்று. போர்டில் எழுதியிருந்ததில் அது ஒன்றுதான் நடந்தது. கேட்டுக்கு வெளியே வந்தபோது, இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. பயந்த நாற்பத்திரண்டு நாளில் தபிதாவின் கைத்தோல் உரிந்துபோயிருந்தது. அதை எந்தக் கூடையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பது?

தபிதாவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். வந்தாள். பாப்பாத்தி வேர்க்கடலைக் காட்டுக் கூலிக்குப் போனாள். தபிதா அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. போய்ப் பார்க்கப் பாப்பாத்திக்கும் முகமில்லை. தொண்ணூறாம் நாள் காட்டு வேலைக்குப் போகாமல் ஹரிப்ரியாவின் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தொண்ணூற்றோராம் நாளும் நடக்கவில்லை. ஆனாலும் எண்ணுவது நிற்கவில்லை.

மாங்காய் முடிந்து பேக்டரிக்குக் கொய்யா வர ஆரம்பித்த ஒரு சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில் இருவரும் எதிரெதிரே அகப்பட்டுக்கொண்டார்கள். விலகிப் போகவும் இடமில்லை. தபிதா சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்ல சோறு இன்னும் தீயுதா? ஏழுமலை மார்க்கெட்டுல பொலம்பிக்கினு இருந்தாராம்."

பாப்பாத்தியின் தொண்டையில் அந்தச் சொல் வந்து நின்றது. பிறகு சொன்னாள்.

"தீயலே."

"தமிழ்ல சொல்றியா, தெலுங்குல சொல்றியா?"

"தமிழ்லதான்க்கா."

தபிதா சிரிக்கவில்லை. பஸ் வந்தது, ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார் என்று சொல்லவில்லை. பாப்பாத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிறுத்தம் நின்றாள். மூன்றாவதில் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான், கண்ணுங்களா. நீங்கள் நல்லா இருக்கணும். உங்கள் வீட்டில் வைத்த உலை அடி பிடிக்காமல் வெந்து இறங்கட்டும். பிள்ளைகளுக்கு வந்த ஜுரம் மூன்றே நாளில் விடட்டும். தப்பு செய்துவிட்ட ஒருவர் உங்கள் வீட்டில் என்றைக்காவது இருந்தால், கையில் எடுத்ததைத் தலை குனிந்து கொண்டுவந்து வைக்க, அங்கே ஒரு சாணிக் கூடை எப்போதும் இருக்கட்டும்.